கண்ணுக்குத் தெரியாத பொருளும் அமானிதமே!

நபித்துவத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன் மக்கா மாநகரில் நிகழ்ந்த செய்தி இது. யமன் நாட்டின் ஸபீத் என்னும் ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகரிடம் விற்றார். சரக்கைப் பெற்றுக்கொண்ட அவரோ விலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். வணிகர் அயலூரார், பக்கம் நின்று பேச ஆளில்லாதவர். அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று, கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்த குறைஷியர் செவியில் விழும்படி தம் முறையீட்டை உரக்கச் சொன்னார். அக்குரல் வீண்போகவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருடைய உரிமை அவரிடம் திரும்பும்வரை அவர் பக்கமே நிற்பது என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். வணிகரின் பொருளும் மீட்டுத் தரப்பட்டது. அன்று இளைஞராயிருந்த நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் பங்கு கொண்டார்கள். நபித்துவம் அருளப்பெற்ற பின்னரும் அதனை உவப்புடன் நினைவுகூர்ந்தார்கள்.

அந்த வணிகர் பறிகொடுத்தது கண்ணால் காணத்தக்க சரக்கு. பறித்தவர் யார் என்பதும் ஊரறிந்த செய்தி. ஆனால், அன்பு வாசகர்களே, பறிபோன பொருள் கையால் தொட முடியாத ஒன்றாகவும், பறித்தவன் பெயரும் முகமும் நாடும் தெரியாதவனாகவும் இருந்தால், பாதிக்கப்பட்டவர் எந்த மலைமீது ஏறி நின்று முறையிடுவது?

பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களைப் பறிகொடுத்தவர்களின் நிலை இதுதான். கடல் கடந்து உழைக்கும் ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். அறை நண்பர் சொன்னதைக் கேட்டு, தங்கையின் நிக்காஹ்வுக்கெனச் சேர்த்த தொகையில் ஒரு பகுதியை அவர் இப்படிப்பட்ட நாணயமாக மாற்றி வைக்கிறார். ஓர் இரவு, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடுகிறார்; விடியும்போது கணக்கில் ஒன்றுமில்லை. ஊரிலுள்ள வாப்பாவிடம் சொல்ல நாணம், மனைவியிடம் சொல்ல அச்சம், காவல்நிலையம் சென்றால், "இதை ஏன் வாங்கினாய்?" என்று தம்மையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்ற கலக்கம். அந்த மௌனமே திருடனுக்குப் பெருந்துணையாகிவிடுகிறது. அம்மௌனத்தைக் கலைப்பதற்கே இக்கட்டுரை.

வாங்கியது குற்றமா?

இந்நாணயங்களில் முதலீடு செய்வது மார்க்கத்தில் கூடுமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018ஆம் ஆண்டில் இதனைக் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் இதனை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் எனத் தீர்ப்பளித்தது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனை மன்றமோ 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் வணிகம் செய்வதற்கு நிபந்தனையுடன் இசைவளித்தது. இதில் ஐயமுள்ளவர் தம் பகுதி ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுவாராக. எந்தக் கருத்தை ஏற்றாலும் ஒன்று மட்டும் மாறாது: பிறர் பொருளைக் கவர்ந்தவன் திருடனே. பொருளை இழந்தவரின் உரிமை, அவர் வாங்கிய முறை பற்றிய விவாதத்தால் அழிந்துவிடாது.

நாட்டுச் சட்டத்தின் நிலை என்ன? ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, வங்கிகள் இவ்வணிகத்திற்குச் சேவை புரிவதைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் அச்சுற்றறிக்கையை நீக்கியது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவற்றை மெய்நிகர் எண்மச் சொத்து என்று வகைப்படுத்தி, இவற்றால் வரும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி விதித்தது. 2023 மார்ச்சில், இவ்வணிகம் நடத்தும் நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. வாடிக்கையாளர் யார் என்பதை அறிந்து பதிவு செய்வது அவற்றின் கடமையாயிற்று. இவை ரூபாயைப் போலச் சட்டப்பூர்வ நாணயம் அல்ல என்பது உண்மை. ஆயினும் இவற்றை வைத்திருந்ததற்காக ஒருவர் காவல்நிலையப் படிக்கட்டில் அஞ்சி நிற்க வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விட்டவர் இருந்தால், அக்குறையைத் தணிக்கையாளர் துணையுடன் தனியே சரிசெய்து கொள்ள வேண்டும். அதற்காகத் திருட்டை மறைத்தல் அறிவுடைமையன்று.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு

2024 ஜூலை 18ஆம் நாள், வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. இது வடகொரியாவைச் சார்ந்த இணையக் கொள்ளையரின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகள் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. களவு போனவை எத்தீரியம் வகையைச் சேர்ந்த நாணயங்கள். ஆயினும் நிறுவனம் எல்லாருடைய கணக்குகளையும் முடக்கி, இழப்பை எல்லா வாடிக்கையாளரும் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் முன் வைத்தது.

அவ்வாடிக்கையாளருள் ஒருவர் 2024 ஜனவரியில் சென்னையிலிருந்து 1,98,516 ரூபாய் செலுத்தி 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கியிருந்தார். அவருடைய நாணயங்கள் களவு போனவற்றுள் அடங்கியவை அல்ல. "என் பொருள் உங்களிடம் இருக்கிறது, அடுத்தவர் இழப்புக்கு அதை எப்படி ஈடாக்கலாம்?" என்பதே அவருடைய வழக்கின் சாரம். 2025 அக்டோபர் 25ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் வழங்கிய தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் தொட்டறியத்தக்க பொருளும் அன்று, பணமும் அன்று. எனினும் உடைமையாகக் கொள்ளவும், துய்க்கவும், ஒருவர் பிறர்பொருட்டு நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் தக்க சொத்தே என்று உரைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி நடுவர் மன்றம் சிங்கப்பூரில் இருந்தாலும், பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து சென்றதாலும், சொத்து இந்தியாவில் இருப்பதாலும், இடைக்காலப் பாதுகாப்பு வழங்கும் அதிகாரம் இந்நீதிமன்றத்திற்கு உண்டு என்றும் தீர்ப்பு கூறியது. நடுவர் மன்ற விசாரணை முடியும்வரை, அவருடைய நாணயங்களின் மதிப்பான 9,56,000 ரூபாய்க்கு எதிர்த்தரப்பு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் அல்லது தனிக்கணக்கில் செலுத்த வேண்டும் என ஆணை பிறந்தது. இது இறுதித் தீர்வு அன்று, இடைக்காலப் பாதுகாப்பே. ஆனால் நாளை வழக்காடப் போகும் ஒவ்வொருவருக்கும் இது கைவிளக்கு.

நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் பொருளுக்கு நம் வழக்கில் என்ன பெயர்? அமானிதம் என்பதன்றோ! மக்கத்துக் காஃபிர்கள் தம்மைக் கொல்லச் சூழ்ச்சி செய்த அந்த ஹிஜ்ரத் இரவிலும், அவர்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அமானிதத்தின் உருவம் மாறலாம். அதன் கடமை மாறாது.

திருடனின் காலடித் தடம்

"எங்கோ காற்றில் போய்விட்ட பொருளை யார் தேடிப் பிடிப்பது?" என்று பலர் சோர்ந்து விடுகின்றனர். உண்மையில் இந்நாணயங்களின் ஒவ்வொரு கைமாற்றமும் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. அதை எவரும் படிக்கலாம்; எவரும் அழிக்க இயலாது. பெயர் அதில் இராது; எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிகளே இருக்கும். ஆகவே பொருள் எந்த முகவரிக்குச் சென்றது என்பது தெரியும். அம்முகவரி யாருடையது என்பதுதான் தெரியாது. திருடன் அதனைப் பணமாக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சந்தையை நாடியாக வேண்டும். ஆவணங்களைப் பெற்றுக் கணக்குத் திறக்கும் சந்தையானால், அங்கே அவன் பெயர் வெளிப்படும். சட்டம் அவனைப் பிடிக்கும் வாசல் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு: 2019இல் கனடா நாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினிகளை முடக்கிய கொள்ளையர்க்கு 109.25 பிட்காயின் பிணைத்தொகையாகக் கொடுக்கப்பட்டது. தடம் பின்பற்றிப் பார்த்தபோது 96 பிட்காயின்கள் ஒரு சந்தையின் முகவரியில் இருந்தன. இலண்டன் உயர் நீதிமன்றம், குற்றவாளியின் பெயர் தெரியாத நிலையிலேயே, 'பெயர் அறியப்படாதவர்கள்' என்று எதிர்வாதியைக் குறிப்பிட்டு, அவற்றை நகர்த்தக்கூடாது எனத் தடையாணை வழங்கியது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றமும் 2022இல் இவ்வாறே ஆணையிட்டது. பிட்ஃபினெக்ஸ் சந்தையில் 2016இல் களவு போன 1,19,754 பிட்காயின்களில் 94,000க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அதிகாரிகள் ஐந்தரை ஆண்டுகள் கழித்து 2022 பிப்ரவரியில் கைப்பற்றினர். தடம் அழியாததே அதற்குக் காரணம்.

செய்ய வேண்டியவை

எனினும் காலம் பொன்னினும் அரிது. களவு தெரிந்த அந்நேரமே செய்யத்தக்கவற்றை நிரலாகக் கூறுகிறோம். தயவுசெய்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள். வாலட்டின் இரகசியச் சொற்கள் பிறர் கைக்குப் போயிருந்தால் அந்த வாலட்டை இனி நம்பலாகாது. வேறொரு தூய்மையான கருவியில் புதிய வாலட் திறந்து எஞ்சியதை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலானவற்றின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

இரண்டாவது, 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைப் பெறுங்கள். பல மோசடிகளில் ரூபாய் முதலில் ஒரு வங்கிக் கணக்குக்குச் சென்று, அதன்பின்னரே நாணயமாக மாறுகிறது. முதற்சில மணி நேரத்திற்குள் புகார் சென்றால் அத்தொகையை வங்கியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்புண்டு.

மூன்றாவது, தொடர்புடைய சந்தைக்கு எழுத்து மூலம் அறிவித்து, அக்கணக்கை முடக்கவும் பதிவுகளைப் பாதுகாக்கவும் கோருங்கள். யுஎஸ்டிடி போன்ற சில நாணயங்களை வெளியிடும் நிறுவனமே முடக்க வல்லது. காவல்துறையின் வேண்டுகோள் விரைந்து சென்றால் அதுவும் கைகூடலாம்.

நான்காவது, சான்றுகளைத் திரட்டுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சியையும் பற்றியதாக இருப்பதில் நமக்குப் படிப்பினை இல்லையா? ஒவ்வொரு பரிமாற்றத்தின் அடையாளக் குறி, அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, நாள், நேரம், அளவு, வங்கிக் கணக்கு விவரம், திருடனுடன் நடந்த உரையாடல், அவன் பயன்படுத்திய எண் ஆகிய அனைத்தையும் படமெடுத்துச் சேமியுங்கள். நாணத்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கு, 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. ஆகையால் மூலக் கைப்பேசியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐந்தாவது, முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல்நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியாகத் தந்தால் மூன்று நாளுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. காவல்நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் பயனில்லையேல், விசாரணைக்கு ஆணையிடுமாறு நீதித்துறை நடுவரை நாடலாம்.

வழக்கறிஞர் செய்யும் உதவி

இங்கேதான் நல்ல வழக்கறிஞரின் துணை வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், மோசடி, நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றில் பொருந்தும் பிரிவுகளைக் காட்டிப் புகாரை அவர் செம்மையாக வரைவார். காவல்துறை முடக்கிய தொகையையோ நாணயத்தையோ உரியவரிடம் ஒப்படைக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்வார். குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பற்றுகை செய்து, பாதிக்கப்பட்டோர்க்குப் பகிர்ந்தளிக்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவு வழிவகுத்துள்ளது. சந்தை நிறுவனத்தின் மீதே குறை இருந்தால், ஒப்பந்தத்தைப் படித்து, நடுவர் மன்றமா, உரிமையியல் நீதிமன்றமா என்று வழிகாட்டுவார்.

"வழக்கறிஞருக்குக் கொடுக்க என்னிடம் ஏது?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். குறைந்த வருமானமுள்ள ஆடவர், மாற்றுத் திறனாளிகள் முதலியோருக்கும் அவ்வுரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இரண்டாம் திருடன்

பறிகொடுத்தவரின் துயரத்தை மோப்பம் பிடித்து மற்றொருவன் வருவான். "உங்கள் நாணயத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணமாக இவ்வளவு கட்டுங்கள்" என்பான். தன்னை வழக்கறிஞன் என்றோ, புலனாய்வு அதிகாரி என்றோ சொல்லிக்கொள்வான். முத்திரையிட்ட கடிதமும் காட்டுவான். இப்படிப் பொய்யான சட்ட நிறுவனங்களின் பெயரில் நடக்கும் ஏமாற்றைப் பற்றி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ 2024 ஜூனில் மக்களை எச்சரித்தது.

இவனை அடையாளம் காண்பது எளிது. நம் நாட்டில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், மீளும் பொருளில் பங்கு கேட்பதும் அவ்விதிகளுக்கு மாறானவை. ஆகவே, முகநூலிலும் டெலிகிராமிலும் தாமே தேடி வந்து, "மீட்டபின் 20 விழுக்காடு தந்தால் போதும், நூறு விழுக்காடு உறுதி" என்பவரைக் கண்டால் கதவைச் சாத்துங்கள். உண்மையான வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் பதிவு எண் இருக்கும், அலுவலகம் இருக்கும், அவர் உறுதிமொழி தரமாட்டார். வாலட்டின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை நேர்மையானவர் எவரும் கேட்க மாட்டார். கேட்டவர் திருடரே.

வாலிபர்க்கு ஒரு சொல்

"உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று கேட்பவர்களின் வலையில் நம் பிள்ளைகள் சிக்காதிருக்கட்டும். பிறர் கண்ணீரில் நனைந்த பணம் அக்கணக்கின் வழியே கடந்து செல்லும். கைவிலங்கு பிள்ளைக்கு வரும். பெற்றோரே, கல்லூரி செல்லும் மகனிடம் இதனை இன்றே பேசுங்கள்.

வளைகுடாவில் வாழும் சகோதரர்கள், களவு அங்கு நிகழ்ந்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறையிலேயே முதலில் புகார் செய்ய வேண்டும். துபாய் காவல்துறைக்கு இணையக் குற்றங்களுக்கெனத் தனிப் புகார்த் தளம் உண்டு. பணம் இந்திய வங்கியிலிருந்து போயிருந்தால் இங்கும் புகார் பதிவு செய்தல் நலம்.

முடிவாக, வாசகர்களே, உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழந்தவர் எல்லாருக்கும் பொருள் திரும்புவதில்லை. முகவரியிலிருந்து முகவரிக்குப் போய்விட்ட நாணயத்தை வங்கியோ அரசோ திருப்பியழைக்க இயலாது. நாடு விட்டு நாடு செல்லும் விசாரணை ஆண்டுக்கணக்கில் நீளும். இழப்பு சிறிதாயின், வழக்குச் செலவு அதனை விஞ்சவும் கூடும். வழக்கறிஞரிடம் இதனை முதல் நாளே வெளிப்படையாகக் கேட்டுத் தெளிந்து, குடும்பத்துடன் கலந்து முடிவு செய்யுங்கள். ஆனால் புகார் தருவதற்குச் செலவில்லை; அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஒருவரின் புகாரிலுள்ள முகவரி, வேறு பத்துப் பேரின் பொருளைக் கவர்ந்தவனைக் காட்டிக்கொடுக்கலாம்.

வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு கடமை உண்டு. பொருளை இழந்து வந்தவரை, "புத்தி எங்கே போயிற்று?" என்று ஏசி மூலையில் ஒடுக்காதீர்கள். அபூ குபைஸ் மலைமீது நின்ற அயலூர் வணிகருக்கே அன்று ஒரு கூட்டம் எழுந்து நின்றதென்றால், நம் சொந்த மகனுக்கும் மருமகனுக்கும் நாம் எழுந்து நிற்க வேண்டாமா? அவர் கையைப் பிடித்துக் காவல்நிலையத்திற்கு உடன் செல்லுங்கள். ஜமாஅத்திலுள்ள படித்த இளைஞர்கள் புகார் எழுத உதவட்டும். வழக்கறிஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அதுவே இக்காலத்து ஹில்ஃபுல் ஃபுளூல் ஆகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருடைய பொருளையும் மானத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.